ஆறே முக்கால் அங்குலம்

சான் பீட்ரோ
பிப்ரவரி 11, 2001

அன்புள்ள அண்ணா,

யுரேகாவில் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் நாலு டாலர் கொடுத்து நீ ஒரு டீக்கி குவளை வாங்கியிருக்கிறாய். அதைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன புத்தகம் வாங்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தில் இருந்த சங்கதி இவ்வளவுதான். முப்பது வருடமாக மரக்கட்டை லாரி ஓட்டுகிறவன், தகர டம்ளரில் காபி குடிக்கிறவன், உனக்கு எதற்கு இந்தக் கிறுக்கு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கடைக்கு வந்தவனிடம் ஏன் வாங்குகிறாய் என்று நான் கேட்பதில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

நான் சுகம். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. உனக்கு இருமல் நின்றதா? அங்கே மழை எப்படி?

சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். மூக்குப் புடைத்து, பல் இளிக்கிற தீவுச் சாமி முகத்தைக் களிமண்ணில் வார்த்துச் சுட்டு, அதில் ரம் ஊற்றி, மேலே காகிதக் குடை செருகிக் கொடுப்பான் மதுக்கடைக்காரன். குடித்தவன் குவளையைக் கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். நம் வியாபாரம் அந்தத் திருட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஐம்பதுகளில் அப்படித் திருடியவர்கள் இப்போது ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்கிறார்கள். நான் வாசலில் நிற்கிறேன்.

விலைப் புத்தகம் என்று ஒன்று விற்கிறார்கள், வாங்காதே. அச்சான அன்றைக்கே அதில் உள்ள விலை செத்துவிடுகிறது. அதை நம்பி விற்கிறவன் ஏமாறுவான், வாங்குகிறவன் சண்டை போடுவான். டவுனியில் ஒரு பழைய விமானப் பணிப்பெண் தானே தட்டச்சு செய்து சுருள் கம்பி போட்டு வைத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயர், உயரம், எடை, அடியில் என்ன முத்திரை, எந்தக் கடைக்குச் செய்தது, அவ்வளவுதான். வறண்ட சமாசாரம். நானே அதைத் திறந்து இரண்டு வருடமாகிறது. புதிதாகத் தொடங்குகிறவனுக்குப் படப் புத்தகம்தான் சரி. முதலில் கண் பழக வேண்டும். கெட்டி அட்டை, பளபளத் தாள், முந்நூறு படம், நாற்பத்தைந்து டாலர். ஒன்று அனுப்பியிருக்கிறேன். பணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அதை மறந்துவிடுவேன் என்று நினைக்காதே.

உன் தங்கை
நெவெனா


யுரேகா
மார்ச் 1

அன்புள்ள நெவெனா,

புத்தகம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே. படமெல்லாம் ஒரே பழுப்பு. அந்தக் கம்பி போட்ட பட்டியல் கிடைக்குமா?

நேராகவே சொல்கிறேன். உன் கடைக்குப் பின்னால் உள்ள அறை காலியாகத்தானே கிடக்கிறது? நான் வந்து உன்னோடு கடையில் உட்காரலாமா? தங்கை வீட்டு மேசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அண்ணனாக வேண்டாம். கூட்டாளியாக வருகிறேன். அதற்குச் சரக்குத் தெரிய வேண்டும். புத்தகம் அதற்குத்தான்.

லாரி கொட்டகையில் நிற்கிறது. கிளட்ச் போய்விட்டது.

இருமல் நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

வின்கோ


சான் பீட்ரோ
மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

ஒத்தடம் கொடுத்தேன், பயனில்லை. நீ நலமாக இருப்பதாக எழுதியது சந்தோஷம்.

ஒரே பழுப்பா? என் கடையில் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுகிறார்கள். ஒருத்தன் எச்சில் வடித்தே போட்டான், துடைத்து வைத்தேன். நீ அதில் பழுப்பைக் கண்டுபிடித்திருக்கிறாய். தபால் செலவு உன் கணக்கில் ஏறியிருக்கிறது.

கூட்டாளி விஷயம். முன்பு ஒருவனைக் கூட்டாளியாக வைத்தேன், அவனைக் கல்யாணமும் செய்துகொண்டேன். போகும்போது கல்லாவையும் மேல்தட்டுச் சரக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இந்தக் கடைக்கு ஒரு சாவிதான். நீ அண்ணன் என்பதற்காக இரண்டாவது சாவி வெட்ட மாட்டேன். அண்ணன் என்பதற்காகச் சாப்பாடு போடுவேன், அது வேறு. அது வேண்டாம் என்று நீயே எழுதிவிட்டாய். எனக்கும் அதுதான் பிடித்தது.

ஆகவே ஒரு பரீட்சை. பட்டியலை அனுப்புகிறேன். என்னிடம் இருப்பது அந்த ஒரு பிரதிதான், காபிக் கறை என்னுடையது. அதைப் படி. அங்கே ஊர் ஊராக நடக்கிற பழைய சாமான் விற்பனைகளில் ஐந்து குவளை வாங்கு. மொத்தம் நாற்பது டாலருக்கு மேல் போகாதே. என்ன வாங்கினாய் என்று எனக்கு எழுது. அதை வைத்து லாபம் பார்க்க முடியும் என்று தோன்றினால் மேற்கொண்டு பேசலாம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அனஹைமில் மெல்வின் க்ரட்ச்லி என்று ஒரு வியாபாரி இருக்கிறான். வடக்கே தனக்குச் சரக்கு வாங்க ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. நீ அவனுக்காகப் படிக்கிறாயா? ஆமாம் என்றால் இப்போதே சொல், கோபிக்க மாட்டேன், பட்டியலை மட்டும் அனுப்ப மாட்டேன்.

உன் எழுத்து ஏன் இப்படி வீங்கியிருக்கிறது? ஒரு பக்கத்துக்கு ஆறே வரி. தாள் அங்கே சும்மா கிடைக்கிறதா?

நெவெனா


யுரேகா
ஏப்ரல் 4

அன்புள்ள நெவெனா,

க்ரட்ச்லி யாரென்று எனக்குத் தெரியாது. பட்டியல் வந்தது. எல்லாம் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்திருக்கிறாள், நல்ல பெண்மணி.

குவளைகளைச் சொல்கிறேன். தபால் நிலையத்துத் தராசில் நிறுத்தேன். ஒன்று: உயரம் ஐந்தரை அங்குலம், பன்னிரண்டு அவுன்ஸ். அடியில் முத்திரை ஆழமாக இருக்கிறது, நகம் உள்ளே போகிறது. இரண்டு: ஆறு அங்குலம், முதுகில் ஒட்டு தெரிகிறது, அதாவது விரலில் தட்டுகிறது. மூன்றாவதும் நாலாவதும் ஜோடி, காது நீளம். ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்தது. ஏழு அங்குலம், நல்ல கனம், நாக்கு வெளியே நீட்டியிருக்கிறது. பட்டியலில் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது, அளவு சரியாகப் பொருந்துகிறது. ஆறு டாலர். விற்ற கிழவி, "ஏங்க, நாக்கு நீட்டற சாமானை வீட்ல வச்சா என் மருமக ஞாபகம் வருது, எடுத்துட்டுப் போங்க"ன்னு கையில் திணித்தாள். மொத்தம் முப்பத்தொன்று ஆயிற்று.

மற்றபடி நலம். பரீட்சை தேறினேனா?

வின்கோ


சான் பீட்ரோ
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்து மூன்று முறை படித்தேன். நாக்கு நீட்டுகிறவன், நீ சொல்கிற ஆளாகவே இருந்தால், இங்கே தொண்ணூறு டாலருக்குப் போவான். ஆறு டாலருக்கு வாங்கியிருக்கிறாய். உன் அதிர்ஷ்டமா படிப்பா என்று தெரியவில்லை.

ஆனால் நிறம் என்ன? பச்சையா, தேன் நிறமா? பச்சை என்றால் தொண்ணூறு, தேன் என்றால் இருபது. ஐந்து குவளையைப் பற்றி எழுதியிருக்கிறாய், ஒன்றுக்குக்கூட நிறம் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனவன் எடையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்த கதையாக இருக்கிறது. உடனே எழுது.

சாமான் விற்பனைக்கெல்லாம் எப்படிப் போகிறாய்? லாரி கிளட்ச் சரியாயிற்றா?

முழங்கால் இந்த வாரம் பேசாமலிருக்கிறது.

நெவெனா


யுரேகா
மே 20

அன்புள்ள நெவெனா,

உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டும் வந்தன. பதில் தாமதித்ததற்கு மன்னித்துவிடு. கை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆல்வா டின்ஸ்லி எழுதுகிறார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் எழுத்து உனக்குப் பிடிக்கும், தாள் மிச்சம்.

நாக்கு நீட்டுகிறவன் பச்சை. ஆல்வா பாசிப் பச்சை என்கிறார். முதல் குவளை செம்பழுப்பு. இரண்டாவது கரும்பழுப்பு, பல் மட்டும் வெள்ளை. ஜோடி இரண்டும் மஞ்சள், ஆல்வாவுக்கு அது கடுகு நிறம்.

பட்டியலை முழுதாக இரண்டு தடவை முடித்துவிட்டேன். என்னை எந்தப் பக்கத்திலும் கேட்கலாம்.

உன் முழங்கால் எப்படி?

வின்கோ

(அம்மா, நான் சொன்னதை மட்டும் எழுது, வேறு எதுவும் சேர்க்காதே என்று உங்கள் அண்ணன் சொல்லிவிட்டார். அப்படியே செய்திருக்கிறேன். - ஆ. டின்ஸ்லி)


சான் பீட்ரோ
ஜூன் 2

அன்புள்ள அண்ணா,

சுளுக்குக்கு ஐஸ் வை. திரு. டின்ஸ்லிக்கு என் வணக்கம். அவர் எழுத்து அழகுதான், ஆனால் அதைப் படித்துவிட்டு எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கடையைத் திறந்தேன், மூடினேன், துறைமுகம் வரை நடந்தேன், திரும்பி வந்து மறுபடி திறந்தேன். ஏனென்று கேட்காதே. நீயும் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

இங்கே ஒரு பெரிய காரியம் நடக்கிறது. நான் சொன்னேனே க்ரட்ச்லி, அவனிடம் பன்னிரண்டு குவளை வந்திருக்கிறது. ஐம்பத்தெட்டில் மூடிய ஒரு உணவகத்துக்கென்றே செய்த 'அழுகிற சாமி', கண்ணிலிருந்து மூன்று சொட்டு வழியும். நான் என் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். அதுவும் கண்ணாடி அலமாரிக்குள். பன்னிரண்டும் ஒரே பெட்டியில், பழைய செய்தித்தாள் சுற்றி. படப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல், சொட்டுக்குச் சொட்டு பொருந்துகிறது. நிறம் அச்சு அசல். இரண்டாயிரத்து அறுநூறு என்கிறான். முந்நூறு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை ஒன்பதாம் தேதி பாக்கியைக் கொடுத்து எடுக்க வேண்டும். இரண்டு வருடச் சேமிப்பு அதில் போகிறது. விற்றால் இரட்டிப்பாகும். அப்போது உன் விஷயத்தைப் பேசுகிறேன். அதற்கு முன்னால் எதற்கும் சரி என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நெவெனா


யுரேகா
ஜூன் 5
விரைவுத் தபால்

நெவெனா,

பணம் கொடுக்காதே. முதலில் அளந்து பார்.

பட்டியலில் எழுபத்திரண்டாம் பக்கம். அழுகிற சாமி, ஆறே முக்கால் அங்குலம். அந்தப் பெண்மணி கீழே எழுதியிருக்கிறாள்: பழைய குவளையையே அச்சாக வைத்து மறுபடி வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். களிமண் சூளையில் சுருங்கும், பிறந்த குட்டி தாயைவிடக் குள்ளமாக இருக்கும். படத்தில் இது தெரியாது. படத்தில் எல்லாச் சாமியும் ஒரே உயரம்.

அடி முத்திரையில் நகத்தை வை. பழசில் ஓரம் கூராக இருக்கும். வார்த்ததில் மழுங்கி, சோப்புக் கட்டி மாதிரி இருக்கும்.

போன் செய்யலாம் என்று ஆல்வா சொன்னார். நம் வீட்டில் போன் வந்தால் சாவுச் செய்தி என்று நீ பயப்படுவாய். தவிர, உன் குரலைக் கேட்டால் நான் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

வின்கோ


சான் பீட்ரோ
ஜூன் 10

அன்புள்ள அண்ணா,

நேற்றுக் காலை க்ரட்ச்லி கடைக்கு எஃகு அளவுகோலோடு போனேன். பன்னிரண்டையும் மேசையில் வரிசையாக நிறுத்தச் சொன்னேன்.

"என்ன நெவெனா, தையல் வேலை ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஆமா, உங்க சாமிங்க அழுவுதே, ஆளுக்கொரு சட்டை தைக்கலாம்னு."

முதலாவது ஆறே அரைக்கால். இரண்டாவது ஆறே அரைக்கால். பன்னிரண்டும் ஆறே அரைக்கால், அரை அங்குலத்துக்கும் மேலே குட்டை. அடியில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று, நீ எழுதிய சோப்புக் கட்டியேதான்.

"அட, சூளையில சூடு முன்னபின்ன இருக்கும். கொஞ்சம் சுருங்கறது சகஜம்."

"ஒண்ணு சுருங்கினா சகஜம். பன்னிரண்டும் பேசி வச்சுக்கிட்டா சுருங்கிச்சு?"

"எனக்கு வித்தவன் அப்படித்தான் சொன்னான். நானும் உங்கள மாதிரி படத்தைப் பாத்துத்தான் வாங்கினேன்."

"அப்ப உங்களுக்கும் ஒரு அண்ணன் வேணும்."

அந்த நேரம் பார்த்து இரண்டு வாடிக்கைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நான் குரலைக் கொஞ்சம் தூக்கினேன். என் முந்நூறு உடனே கைக்கு வந்துவிட்டது.

வண்டியில் உட்கார்ந்து அந்த முந்நூறை இரண்டு தடவை எண்ணினேன். இருபது வருடமாக என் கண்ணை நம்பிச் சோறு தின்கிறவள் நான். பட்டியலை உனக்கு அனுப்பியதே அது எனக்கு வேண்டியதில்லை என்று நினைத்துத்தான்.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். பளபளத் தாளில் முந்நூறு படமும் உனக்குப் பழுப்பு. பக்கத்துக்கு ஆறு வரி. கிளட்ச் போன லாரியை மூன்று மாதமாக நீ பிரித்துப் பார்க்கவில்லை, எட்டு வயதில் அப்பாவின் படகு மோட்டாரைப் பிரித்த ஆள் நீ. நிறத்தை ஆல்வா சொல்கிறார், முத்திரையை நகம் சொல்கிறது. மணிக்கட்டு சுளுக்கு எந்த ஊரில் ஐந்து வாரம் இருக்கிறது? இதில் கேள்வி எதுவும் இல்லை. எவ்வளவு நாளாக என்பதை மட்டும் எழுது.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று இனிமேல் எழுதாதே.

நெவெனா


யுரேகா
ஜூன் 18

நெவெனா,

இது என் கையெழுத்து. தாள் வீணாவதைப் பொறுத்துக்கொள்.

போன இலையுதிர் காலத்திலிருந்து. இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் இருக்கிறது. நடப்பேன், சமைப்பேன், கதவு எது சுவர் எது என்று தெரியும். ஆளின் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் புகை. ஓரம் போகாது, நடு திரும்பாது என்கிறார் டாக்டர். ஜனவரியில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கிளட்சுக்கு ஒன்றுமில்லை. லாரியை விற்றுவிட்டேன், கொட்டகையில் நிற்பது ஆல்வாவின் படகு. விற்பனைகளுக்கு அவர் கூட்டிக்கொண்டு போனார். பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்து ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், முடியாத அன்று அவர் படித்தார்.

முதலிலேயே சொல்லியிருந்தால் மறுநாளே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பாய். வந்து, என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்திருப்பாய். குருட்டு அண்ணனைக் கூட்டி வைத்திருக்கிறாள் என்று மீன் கடையில் உன்னைப் பாராட்டுவார்கள். அது எனக்கு வேண்டாம்.

இன்னொரு உண்மை. நாக்கு நீட்டுகிறவனை ஆல்வா வெயிலில் வைத்துப் பார்த்தார். காதிலிருந்து அடி வரை மயிரிழை விரிசல், யாரோ பசை வைத்து மெருகு பூசியிருக்கிறார்கள். என் விரலுக்கு அது தெரியவில்லை. ஆகவே தொண்ணூறு இல்லை. பரீட்சையில் இதைக் கழித்துக்கொள். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுது. சுற்றி வளைக்காதே.

வின்கோ


சான் பீட்ரோ
ஜூன் 23

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று கடை திறக்கவில்லை. அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

விரிசல் விட்ட நாக்குக்காரன் பதினைந்து டாலர். உன் ஐந்து குவளையும் சேர்த்து எழுபது மதிப்பு, அது உன் மூலதனமாகக் கடைக்குள் வருகிறது. படப் புத்தகத்தின் தபால் செலவை அதில் கழித்திருக்கிறேன்.

நிறமும் விரிசலும் என் பொறுப்பு. அளவு, எடை, முத்திரை உன் பொறுப்பு. நீ அளக்காமல் நான் வாங்க மாட்டேன், நான் வெயிலில் பார்க்காமல் நீ பேரம் முடிக்கக் கூடாது. டவுனிப் பெண்மணிக்கு எழுதிப் பட்டியல் இன்னொரு பிரதி கேட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவன் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால் இனி அதை முதலில் காட்டுவேன், படப் புத்தகத்தை அப்புறம். ஜெராக்ஸ் கடையில் உனக்கு ஒன்றைப் பெரிதாக்கி வைக்கிறேன், செலவு கடைக்கு.

வருவதில் எனக்கு மூன்று பங்கு, உனக்கு ஒன்று. பின்னறைக்கு வாடகை மாதம் நூற்றிருபது. ஞாயிற்றுக்கிழமை மத்தி சுடுவது நீ. உன் கையால் உடைந்தால் பாதி உனக்கு, பாதி கடைக்கு. என் கையால் உடைந்தால் முழுதும் எனக்கு. இரண்டாவது சாவி வெட்டக் கொடுத்துவிட்டேன், இரண்டு டாலர், அதுவும் உன் கணக்கு.

மீன் கடையில் யாராவது பாராட்டினால் வாடகை வாங்குவதைச் சொல்லிவிடுகிறேன்.

நெவெனா


யுரேகா
ஜூன் 29

அன்புள்ள நெவெனா,

ஆல்வா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "யோவ் வின்கோ, உன் தங்கச்சி வக்கீலா?"ன்னு கேட்டார். வியாபாரி என்றேன். அது அதைவிட மோசம் என்கிறார். எட்டாம் தேதி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்.

எல்லாம் சம்மதம், வாடகை தவிர. நூற்றிருபது அந்த அறைக்கு அதிகம். துறைமுகம் தெரிகிற ஜன்னலையும் சேர்த்துத்தானே அந்த விலை? ஜன்னல் எனக்கு எதற்கு? அதைக் கழித்துவிட்டு நூறாகப் போடு.

இன்று உண்மையிலேயே உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதலாம் அல்லவா?

வின்கோ


சான் பீட்ரோ
ஜூலை 3
அஞ்சல் அட்டை

அண்ணா,

முழங்காலுக்குப் புதுத் தைலம், கேட்கிறது. பஸ் நிலையத்தில் நிற்கிறேன். என் முகத்தைத் தேடாதே, குரல் கொடுக்கிறேன்.

வாடகை நூற்றுப் பத்து. ஜன்னல் போக நூறு. கண்ணோரத்தில் தெரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்த ஓரத்துக்குப் பத்து. மற்றதெல்லாம் எழுதியபடி.